கொம்பு பெயிண்டும் கிளியர் கோட்டும்

பொம்மைக் காரில் பெயிண்ட் பெயர்ந்தால் எங்கள் காலத்தில் முதுகு பழுத்துவிடும். இன்று அந்தப் பெயிண்டைப் பெயர்ப்பதற்கென்றே பூந்தமல்லி ஹார்டுவேர் கடையில் டின்னாக ரிமூவர் வாங்கிப் போகிறார்கள், ஐம்பதைத் தொட்ட ஆண்கள். அடியேனும் அதில் உண்டு. கடைக்காரர், "கதவுக்கா சார், கிரில்லுக்கா?" என்பார். "காருக்கு" என்று சொன்னால் மரியாதை கொஞ்சம் கூடும். கார் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று சொன்னால் வந்த மரியாதை போய்விடும் என்பதால் அதைச் சொல்வதில்லை.

1980களில் மாங்காடு, சென்னைக்காரர்கள் வெளியூர்க் கணக்கில் வைத்திருந்த ஊர். வயல், ஏரி, காமாட்சி அம்மன் கோயில், பூந்தமல்லிக்குப் போய் வரும் பஸ். ஊருக்குள் கார் நுழைந்தால் அது கோயிலுக்கு வந்த காராகத்தான் இருக்கும். ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருவதாக நேர்ந்துகொண்ட பட்டணத்துக் குடும்பம் உள்ளே போயிருக்கும். நாங்கள் வெளியே அவர்களுடைய அம்பாசிடரின் பானெட்டில் முகம் பார்த்துக்கொண்டிருப்போம். டிரைவர் துரத்துவார். அடுத்த வாரமும் அதே கார், அதே டிரைவர், அதே துரத்தல். ஆறு வாரம் முடிந்தால் எங்களுக்குத்தான் வருத்தம்.

எங்கள் சொந்த உபயோகத்துக்கு நுங்கு வண்டி. தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு காயை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ரெடி. அதைவிட உயர்ந்த மாடல் தீப்பெட்டிக் கார். அறுந்துபோன ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டிச் சக்கரம், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் அச்சு. பெயிண்ட்? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம். அதனால் அந்த வருஷம் எங்கள் தெருவில் மாடும் காரும் ஒரே கலரில் திரிந்தன. ஹெட்லைட்டுக்கு அக்காவின் நெயில் பாலிஷ். அதற்குத் தனியாக அடி உண்டு.

லண்டனில் இந்தக் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் விதி இருந்ததால், லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்தன. அவர்கள் தீப்பெட்டிக்குள் காரை வைத்தார்கள். நாங்கள் தீப்பெட்டியையே காராக ஓட்டினோம். காப்புரிமை வாங்க எங்களுக்குத் தோன்றவில்லை.

உலோகக் கார் என்று ஒன்றை நான் முதலில் தொட்டுப் பார்த்தது வசதியான வீட்டுப் பையனிடம். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. அது கல்கத்தா சரக்கு. இங்கிலாந்தில் ஓடித் தேய்ந்த 'டிங்கி' அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி டாய்ஸ்' ஆயின. பிறகு 'மேக்ஸ்வெல்' வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நிஜ கார்களும் அப்படி வந்தவைதானே. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் உத்தரபாராவில் அம்பாசிடர் ஆனது. டிரையம்ஃப் ஹெரால்டுதான் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. அப்பா ஆசைப்பட்ட காரும் மகன் ஆசைப்பட்ட காரும் வெள்ளைக்காரன் கழித்துவிட்ட அச்சிலிருந்து வார்த்தவை. இரண்டுமே எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பதிலும் ஒற்றுமை.

பிறகு 'லியோ மேட்டல்' பெயரில் ஹாட் வீல்ஸ் இந்தியாவிலேயே தயாரானது. கலர் வேறு, ஸ்டிக்கர் வேறு. அமெரிக்காவில் அந்த மாடல் என்ன கலரில் இருந்தது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்று அன்றைக்கு உதடு பிதுக்கினோம். இன்று அந்தக் கலர்க் கோளாறுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். நாங்கள் மண்ணில் புதைத்து விளையாடியதெல்லாம் இப்போது எந்த அபார்ட்மெண்டின் அஸ்திவாரத்தில் இருக்கிறதோ.

2021-ல் மாங்காடு நகராட்சி ஆகிவிட்டது. அடுக்குமாடிகள் வந்துவிட்டன. சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார் கார்களாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் நிறையப் புதுக் கார்கள் போவதை ஊரில் ஒரு பையன்கூட நின்று பார்ப்பதில்லை. நின்று பார்க்கிற கூட்டம் சூப்பர் மார்க்கெட்டில், பொம்மை அலமாரிக்கு எதிரே இருக்கிறது. எல்லாம் என் வயசு. புதுப் பெட்டி உடைக்கும் நேரம் ஊழியருக்குத் தெரிவதற்கு முன்பே இவர்களுக்குத் தெரியும். இருநூறு ரூபாய்க்குள் இருக்கிற மூன்று அங்குலக் காருக்கு, நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் என்னை முழங்கையால் இடித்திருக்கிறார்.

வாங்கியவர்களிலும் இரண்டு ஜாதி. அட்டையைப் பிரிக்காமல் சுவரில் மாட்டுகிறவர்கள் ஒன்று. அவர்கள் எங்களைக் கொலைகாரர்களாகப் பார்க்கிறார்கள், ஏனென்றால் நாங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் எடுப்பது டிரில் மெஷின்.

காரைத் திருப்பிப் போட்டால் அடித்தட்டில் இரண்டு பொட்டு தெரியும். ரிவெட். மூன்று மில்லிமீட்டர் பிட்டை அதன் நடுவில் வைத்து மெதுவாக இறக்கினால் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக வரும். தலை உதிர்ந்ததும் அடித்தட்டு கையோடு கழன்றுவிடும். கண்ணாடி, சீட், சக்கரம், மேல்கூடு என்று ஒரு முழுக் கார் நாலே துண்டாக வேஷ்டியில் கிடக்கும். கூட்டை ரிமூவரில் போட்டால் சிறிது நேரத்தில் பெயிண்ட் தோலாகச் சுருங்கி எழும்பும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அடியில் வெறும் உலோகம். துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்து வார்த்தது, அதனால்தான் அந்தக் கனம். உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட். மூட்டும்போது ரிவெட் இருந்த தண்டில் மரை போட்டு இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூ.

எனக்கு ஆசை ஓர் அம்பாசிடர். இப்போது ரெசினில் பிரிண்ட் எடுத்தே தருகிறார்கள், ஆனால் கையில் கனம் இல்லாத அம்பாசிடரை நான் அம்பாசிடர் என்று ஒப்புக்கொள்வதில்லை. நாலேகால் மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள வண்டி, அறுபத்து நாலில் ஒரு பங்கு என்றால் ஆறே முக்கால் சென்டிமீட்டர். உருண்டை முதுகுள்ள ஏதோ ஒரு பழைய அமெரிக்கக் காரை எடுத்து, மூக்கை அரத்தால் சீவி, எம்-சீல் வைத்து நெற்றியைத் தூக்கினேன். இரண்டடி தள்ளி நின்றால் அம்பாசிடர். கிட்டே வந்து பார்க்கிறவர்களை நான் ஊக்குவிப்பதில்லை.

வெள்ளை அடிக்க ஸ்ப்ரே கேன் சரிப்படவில்லை. குன்றத்தூர் ரோட்டில் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் ஒன்று உண்டு. அங்கே அண்ணன் ஒருவர், அம்பாசிடர்களுக்கே டூகோ அடித்துக் கை பழகியவர்.

"எந்த வண்டி சார்? உள்ளே விடுங்க."

உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வாங்கி, புரட்டி, அடித்தட்டைப் படித்தார். "மேட் இன் மலேசியான்னு போட்டிருக்கு. ஆர்.சி. யார் பேர்ல?"

"அண்ணே, ஒரு கோட் போதும்ணே."

"ஒரு கோட்டே ஜாஸ்தி" என்றார். அவர் சொன்னதன் கணக்கை வீட்டுக்கு வந்துதான் போட்டேன். நிஜ காரில் பெயிண்ட் எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அதே தடிமனைக் குட்டிக் காரில் அடித்தால், நிஜ காரில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கு மூடிப்போகும், கைப்பிடி காணாமல் போகும். மெட்டாலிக் கலர் இன்னும் மோசம். நிஜ காரில் மினுக்குகிற துகள் இங்கே சரளைக்கல்லாகத் தெரியும். அண்ணன், ஏதோ வேனுக்குக் கலந்த வெள்ளையில் மிச்சத்தைத் தின்னர் ஊற்றி மோராக்கி, கன்னைத் தூரத்தில் பிடித்து ஒரே வீச்சு வீசினார். "மழை நாள்ல வராதீங்க சார், வெள்ளை பூத்துரும்." காற்றில் ஈரம் இருந்தால் லாகர் பால் படிந்து மங்கிவிடும். காசு கேட்டதற்கு, "பெயிண்டுக்கு வேணாம், மூக்குல பட்டி வெச்சிருக்கீங்களே, அதைப் பார்த்த கண்ணுக்குக் குடுங்க" என்றார்.

அவ்வளவு வழவழப்பாக அடித்து வந்த காருக்கு நான் அடுத்துச் செய்தது துரு வைத்தது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு கிள்ளு எடுத்து, பழுப்பும் ஆரஞ்சும் தொட்டு, சக்கர வளைவுகளிலும் கதவடியிலும் ஒற்றி ஒற்றி. அந்தக் காலத்து அம்பாசிடர் சொந்தக்காரர்கள் இதே இடத்தில் வந்த துருவை மறைக்கத்தான் வருஷா வருஷம் பட்டி பார்த்தார்கள், விற்கும்போது அந்தப் பக்கத்தைச் சுவரோரம் நிறுத்தினார்கள். 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றது. 2017-ல் பெயரை மட்டும் 80 கோடிக்கு பெஜோ கம்பெனி வாங்கியது. துருவை யாரும் விலை பேசவில்லை; அதை நாங்கள் கையால் செய்துகொள்கிறோம்.

பக்கத்து ஃபிளாட் பொடியன் வந்தால் காரை மேல் தட்டுக்கு மாற்றிவிடுகிறேன். கருமி என்று என் மனைவி நினைக்கிறாள், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு ஒரு சாக்கும் இருக்கிறது. 2007-ல் மேட்டல் கம்பெனியே 'கார்ஸ்' படத்து 'சார்ஜ்' வண்டியை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது, பெயிண்டில் ஈயம். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 2017 நவம்பரிலிருந்து கடும் வரம்பு உண்டு; கார் ஷெட்டில் கலக்கும் பெயிண்ட் அந்தக் கணக்கில் வராது. பொடியனோ எதையும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவான். கொம்பு பெயிண்ட் காய்வதற்குள் காரை வாயில் கவ்விக்கொண்டு மரம் ஏறிய நான்தான் இதைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு மனைவி கேட்டாள், "உங்க காருக்கு வேண்டாமா?" எலுமிச்சம்பழத்துடன் வந்தாள். அளவுப்படி பார்த்தால் இந்தக் காருக்கான எலுமிச்சை ஒரு மில்லிமீட்டர்கூட வராது, கடுகைவிடச் சின்னது என்று விளக்கினேன்.

"கடுகு தாளிக்கத்தான். சக்கரத்துக்குப் பழந்தான் வைப்பாங்க."

முன் சக்கரத்துக்கு அடியில் முழுப் பழம். கார் வானத்தைப் பார்த்து நின்றது. நசுங்கினால்தானே சாங்கியம், அதனால் பழத்தில் ஒரு கீறல் போட்டு, காரின் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். சாறு பீய்ச்சியது. முழுசாகக் காயாத கிளியர் கோட்டில், துருவே வைக்காத அந்த ஒரே பக்கத்தில், நல்ல வட்டமாகக் கறை.

விடுமுறை முடிந்ததும் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துரு வைத்த இடங்களை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டினார்.

"ரொம்ப அடி வாங்கியிருக்கே சார். இன்சூரன்ஸ்ல போடலாமா, கைக்காசா?"