மூளைக்குத் தெரியாமல் பந்தியில் சாப்பிடுவது எப்படி?

வில்லியனூர், பாகூர் பக்கம் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறதா? போவதற்கு முன் எதிராளியைத் தெரிந்துகொள்ளுங்கள். மூளையின் அடியில், ஐந்து கிராம்கூடத் தேறாத ஹைபோதலாமஸ் என்ற துண்டு உட்கார்ந்திருக்கிறது. பசியைக் கிளப்புவதும் அடக்குவதும் பெரும்பாலும் அதன் வேலை.

1951இல் பி.கே. ஆனந்த் என்ற நம் நாட்டு உடலியல் அறிஞர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் சேர்ந்து, எலிகளின் ஹைபோதலாமஸில் பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் அழித்துப் பார்த்தார். எதிரே தீனி இருந்தும் எலிகள் தொடவில்லை, பட்டினியில் செத்தன. நடுப்பகுதியைச் சிதைத்தால் எலி ஓயாமல் தின்று ஊதிவிடும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. ஆனந்த் பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறைக்கு முதல் தலைவரானார். நமக்குப் பந்தியில் வேண்டியது ஊதிப்போன எலியின் நிலை. அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம், வேகம் போதும்.

வயிறு விரிவதை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்லும். சாப்பாடு சிறுகுடலில் இறங்கியதும் சுரக்கும் ஹார்மோன்கள் ‘போதும்’ என்று சொல்லும். இந்தச் சேதி முழுதாகப் போய்ச் சேர 15, 20 நிமிடமாவது ஆகும். அதற்குள் இலையை மூடிவிட வேண்டும். மண்டபமே இதற்கு ஒத்தாசை செய்யும். நீங்கள் சாம்பாரில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் உங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மூச்சு உங்கள் பிடரியில் படும். அவர் இடுப்பில் இருக்கும் குழந்தை உங்கள் அப்பளத்தையே பார்க்கும். அந்த நிலையில் மென்று தின்றவர் எவரும் இல்லை.

சாம்பார் திகட்டுகிறதா? பயம் வேண்டாம். திகட்டுவது அந்தச் சுவை மட்டும்தான். புதுச் சுவை வந்தால் மூளைக்கு ஆசை திரும்பக் கிளம்பும். ஆய்வகத்தில் நிரூபித்தது பிற்பாடு. நம் சமையல்காரர்களுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் காரக்குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று அணிவகுப்பு. பாயசத்துக்குத் தனி வயிறு உண்டு என்று பெரியம்மா சொல்வதை மறுக்காதீர்கள். முக்கால்வாசி சரி.

அப்படியும் கை ஓய்ந்தால் மாமா வருவார், சோற்றுக் கரண்டியோடு. “இன்னா மாப்ள, ஒண்ணுமே சாப்புடல?” இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் பாருங்கள், விரலிடுக்கில் சோறு விழும். இதைத் தடுக்கும் ஹார்மோனை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பயிற்சி வேண்டுவோர் வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரோட்டத்துக்குப் போகலாம். அன்னதானம் வாங்கிய கையோடு அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டால், எத்தனை தொன்னை உள்ளே போனது என்று மூளையும் கணக்கு வைக்காது.

பசி எடுக்குமோ எடுக்காதோ என்ற கவலையும் வேண்டாம். 1999இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் வயிற்றில் சுரக்கிறது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கினாலே ஏறும். பாகூர் வயலில் விடியலில் நடவுக்கு இறங்கியவருக்குப் பதினொரு மணிப் பசி உழைத்துச் சம்பாதித்தது. அந்த நிலத்தை மனைபோட்டு விற்றுவிட்டுப் பைக்கில் சுற்றும் பேரனுக்கும், பழக்கத்தால், அதே பதினொரு மணிக்கு டீக்கடை பஜ்ஜி கூப்பிடும்.

ஓர் எச்சரிக்கை. மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்த லெப்டின், உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருப்பு என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும்; பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை பசியைக் கூட்டும். கொழுப்பு ஏறி லெப்டின் பெருகும்போதோ, பலருக்கும் மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. குண்டானவரைப் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று உபதேசம் செய்பவர்கள் இந்த ஒருதலைப்பட்சத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் நல்லது.

கடைசியாக ஒன்று: மொய்யைச் சாப்பிடும் முன்பே எழுதிவிடுங்கள். பந்தி முடிந்தபின் மேசைமேல் குனிவது கஷ்டம்.