ராத்திரியில் விழிக்கும் பல்

கேள்வி: பகலெல்லாம் சும்மா இருக்கும் பல், படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கிறதே, ஏன்? விடியும்வரை கிராம்பு போதாதா?

பதில்: பல்லுக்குள் இருக்கும் மென்மையான கூழ், நாலு பக்கமும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டது. சொத்தை அதுவரை இறங்கிவிட்டால், கூழ் வீங்கப் பார்க்கும், வீங்க இடமில்லை. அழுத்தம் முழுவதும் நரம்பின் தலையில் விடிகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி, அழுத்தமும் ஏறுகிறது. ஆகவே ராத்திரிக்கு முதல் மருந்து இன்னொரு தலையணைதான். தலையை உயர்த்திப் படுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் வையுங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் பாரசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள்.

'பாட்டி கொடுத்த கிராம்பு பொய்யா?' என்றால், இல்லை. அதிலுள்ள யூஜெனால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாக அடைப்பதுண்டு. ஆனால் கிராம்பு வலியைத் தூங்கவைக்குமே தவிர, சொத்தையைச் சரிசெய்யாது. ஆஸ்பிரினை ஈறில் அடக்கினால் ஈறு வெந்துபோகும். 'காலையில் வலி நின்றுவிட்டதே, எதற்கு டாக்டர்?' என்பவர்தான் முதலில் போக வேண்டியவர். நரம்பு செத்தாலும் வலி நிற்கும். வேர் நுனியில் சீழ் சத்தமில்லாமல் சேரும். அபாய மணி ஓய்ந்ததால் தீ அணைந்ததாக அர்த்தமில்லை. கன்னமோ கழுத்தோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், விடியலுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.