கடனுக்கு எந்த ஊர்க் காலண்டர்?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அறை நண்பருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்தேன். ஐந்து வருடமாகிறது. இப்போது அவர் ஊரில் புது வீடு கட்டிக் குடிபோய்விட்டார். கேஸ் போட்டால் காலாவதி என்பாரா? எந்த நாட்டுக் கணக்கு செல்லும்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கைமாற்றில் கட்டடமா? நல்ல நண்பர்!

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட 6 வருடம். நம்மூரில் கொடுத்த நாளிலிருந்து 3. கடன் எங்கே கைமாறியிருந்தாலும், இங்கே வழக்கு என்றால் இங்குள்ள கெடுதான் என்கிறது 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 11-வது பிரிவு.

உடனே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 15-வது பிரிவு, பிரதிவாதி இந்தியாவில் இல்லாத நாட்களைக் கழித்துவிடச் சொல்கிறது. ஆகவே கடன் பத்திரத்தைவிட நண்பரின் பாஸ்போர்ட்தான் முக்கியம். அதில் விழுந்த முத்திரைகளை வைத்து வக்கீல் கூட்டிக் கழிக்கட்டும். தீபாவளிக்கு வந்து போன நாட்களும், இங்கே குடிவந்த பிறகான நாட்களும் மட்டும் உங்கள் கணக்கில் ஓடியவை.

'சிங்கப்பூரிலேயே ஜெயித்து டிக்ரியோடு வருகிறேன்' என்றால், அதையும் ஆறப்போடாதீர்கள். லண்டன் தீர்ப்பு ஒன்றை 14 வருடம் கழித்து இங்கே நிறைவேற்றக் கேட்டது ஒரு வங்கி. நம்மூர் டிக்ரிக்கு 12 வருடம் உண்டு. ஆனால் இங்கிலாந்துத் தீர்ப்புக்கு அந்த நாட்டின் 6 வருடம்தான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. கோட்டை விட்டவர்கள் யார் பாருங்கள், தவணை ஒருநாள் தப்பினால் நமக்கு போன் போடுகிறவர்கள்!