தலைக்காசு இயல்

இசைத்தட்டில் முள் தாவாமலிருக்க பிளேயர் கையின் தலையில் காசு ஒட்டும் வழக்கம் நாணயவியலில் சேருமா, இசையியலில் சேருமா என்று அறிஞர்கள் இதுவரை சண்டை போட்டதில்லை. அந்தப் பெருங்குறை இன்றோடு தீர்கிறது. ஈண்டு 'முள்' என்றது வைரமுனையை, மீன்முள் அன்று.

முதற்கண் அளவை. அலுமினிய ரெண்டு பைசா 1 கிராம். அஞ்சு பைசா 1.5. வெள்ளையாக மின்னும் பழைய நாலணா 2.5, எட்டணா 5. இன்றைய காந்தவகை முள் பெரும்பாலும் 2 கிராமை ஒட்டியே பாரம் கேட்கிறது. ஆக, இரண்டு ரெண்டு பைசா. நாணயச்சாலைக்காரர்கள் ரகசிய ரெக்கார்டுப் பித்தர்கள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமல் போயின. ஓர் எடைக்கல் வரிசையே அழிந்தது. ஒரு பொருளியலாளரும் மூச்சுவிடவில்லை.

இனி எதிர்க்கட்சி. கையின் வால்பக்கம் இருக்கிற எதிர் எடையைத் திருகி, கை மேலே எழாமலும் கீழே விழாமலும் காற்றில் மிதக்கும்படி நிறுத்து. அங்கே பூஜ்யம் வை. பிறகு வேண்டிய கிராமுக்குத் திருப்பு என்பது இவர்கள் மதம். பாரம் குறையக் குறைய தட்டுக்கு நல்லது என்று நினைப்பது பேதைமை. பாரம் போதாத முள் பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரையே பெயர்க்கும். போதாக்குறைக்கு, சுழலும் தட்டின் உராய்வு வளைந்த கையை நடுப்பக்கம் இழுக்கும். அதைத் தடுக்க நூலில் ஒரு குண்டுமணி எடையோ ஸ்பிரிங்கோ உண்டு. காசு இங்கே துரோகி: பாரம் கூடினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் இழுப்பும் கூடும். தட்டை வெட்டிய முனை நேர்க்கோட்டில் போனது, நம் கையோ வில்லாக வளைந்து வருகிறது என்பது தனி வழக்கு. லோஃப்கிரென் என்பவர் 1938-லும் பேர்வால்ட் என்பவர் 1941-லும் கணக்குப் போட்டதில், கோணல் சுத்தமாக நீங்குவது ஒரு பக்கத்துக்கு இரண்டே இடத்தில்தான்.

நாலணா செல்லுபடியான நாளிலேயே இந்தப் பாரக் கணக்கையெல்லாம் எங்கள் தெரு மைக்செட் அண்ணனிடம் ஒரு காதுகுத்து வீட்டில் விளக்கினேன். அவர் முள்ளில் சேர்ந்த தூசிப் பஞ்சைக் கட்டைவிரலால் தட்டிவிட, குழாய் ஸ்பீக்கரில் 'டொப்' என்று தெருவே அதிர்ந்தது.

"கிராமெல்லாம் நகைக்கடையில தம்பி. முள்ளு தாவுதா, தாவலையா?"

தாவவில்லை. அவர் பிளேயர் 5, 6 கிராம் கேட்கிற பழைய ஜாதி. சொந்த பாரம் கொஞ்சம், மேலே செலோடேப்பில் ஒரு நாலணா. பந்தி முடிந்ததும் அந்த நாலணாவை உரித்தெடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

மறுநாள் அடுத்த வீட்டு விசேஷத்தில் பார்த்தேன், தலையில் எட்டணா. ஆய்வுக் காரணம் ஏதுமில்லை. சில்லறை கிடைக்கவில்லையாம்.