வெண்டைக்காயும் கணக்குப் பாடமும்: ஒரு சமையற்கட்டு ஆய்வு

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும். இது ஆசிரியர் பெயர் இல்லாத கொள்கை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் சமர்ப்பிக்கப்படவில்லை, யாரும் வாய்மொழித் தேர்வு நடத்தவில்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வீடுகளில் மறுபேச்சின்றி நடைமுறையில் இருக்கிறது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் கருத்து பதிவாகவில்லை.

சமையற்கட்டுத் தரப்பு முன்வைக்கும் முதன்மைச் சான்று வழவழப்பு. அது மூளையில் போய்ப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், படித்தது தங்கும் என்பது வாதம். வழவழப்பே தகுதி என்றால் சேப்பங்கிழங்கு என்ன பாவம் செய்தது? அதற்கு வரலாறு புவியியலாவது ஒதுக்கியிருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. வெண்டைக்காயை வதக்கும்போது வழவழப்புப் போகட்டும் என்று கொஞ்சம் புளித்தண்ணீரோ மோரோ விடுவதும் அதே சமையற்கட்டுதான். மருந்து கொடுப்பவரே அதன் வீரியத்தை முறித்துக் கொடுப்பது வேறெந்த வைத்திய முறையிலும் காணக் கிடைக்காதது.

வேதியியல் தரப்பும் கைகொடுக்கவில்லை. 100 கிராம் பச்சை வெண்டைக்காயில் சுமார் 90 கிராம் தண்ணீர். மிச்சத்தில் ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்து, 60 மைக்ரோகிராம் அளவுக்கு ஃபோலேட், கொஞ்சம் வைட்டமின் சி. அந்த வழவழப்பு ஒரு வகைக் கூட்டுச் சர்க்கரை. குடலுக்கு நல்லது, மூளைவரை போகும் வழி அதற்கு இல்லை. ஃபோலேட் நரம்பு மண்டலத்துக்கு வேண்டியதுதான். ஆனால் அது கீரையிலும் பருப்பிலும்கூடத் தாராளமாக இருக்கிறது.

வரலாற்றுத் தரப்பு இன்னும் மோசம். 1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன் அங்கே சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார். அது உலகப் போர்க்காலம். டிரினிட்டி கல்லூரி வட்டாரத்தில் பிஞ்சு வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கியிருக்க முடியாது. 1918-ல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதில் இந்தக் காயின் பங்கு பூஜ்யத்தை நெருங்கியிருக்க வேண்டும். கூட உழைத்த ஹார்டி வீட்டில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு கொதித்ததாக யாரும் சொன்னதில்லை.

அதற்காகக் கொள்கையைக் கைகழுவிவிடலாமா? கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றிய தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சோற்றிலிருந்து பிரிக்கிறான். ஒட்டியிருக்கும் பருக்கையைச் சுண்டுவிரலால் வழிக்கிறான். துண்டுகளைத் தட்டின் விளிம்போரமாக, பெரியதில் தொடங்கிச் சிறியதுவரை அடுக்குகிறான். கழன்று குழம்புக்குள் ஓடிப்போன வெள்ளை விதைகளைக்கூட விடுவதில்லை, தேடிப் பிடிக்கிறான். எதிரே டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது, தலை நிமிரவில்லை. வெண்டைக்காய் மனத்தை ஒருமுகப்படுத்துகிறது என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. அதற்கு அதைச் சாப்பிடத் தேவையில்லை என்பது மட்டுமே இவ்வாய்வு முன்வைக்கும் சிறு திருத்தம்.

உண்மையில் கவனத்துக்கு உதவும் சாப்பாடு எது என்றால், விடை சப்பென்று இருக்கும்: காலையில் ஏதாவது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் முதல் பீரியடில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் வாத்தியார் குரல் காதில் ஏறாது. பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு போடும் யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1920-லேயே சென்னை மாநகராட்சி தன் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி போட்டுப் பார்த்தது. பிறகு காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். கடைசியாகச் சொன்னதன் பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றுதான் இருக்கிறது. மூளைக்கென்று தனிப் பதார்த்தம் கிடையாது.

மதியச் சாப்பாட்டின் மேல் நெடுநாளாக ஒரு பழி இருக்கிறது. இரண்டு மணிக்குக் கண் சொருகினால் தயிர்சாதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். வயிறு புடைக்கத் தின்றால் மயக்கம் கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மதியம் சாப்பிடாமலே இருப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் ஒரு சொக்கல் வரும். உடலின் கடிகாரம் அப்படி. எனவே சந்தேகத்தின் பலனைத் தயிர்சாதத்துக்கு அளிக்கலாம்.

கடைசி சாட்சி காபி. 1819-ல் ஜெர்மன் கவிஞர் கோதே கொஞ்சம் காபிக் கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொல்ல, ரூங்கே என்ற இளம் வேதியியலாளர் அதிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். சோர்வை மூளைக்கு அறிவிப்பது அடினோசின் என்னும் பொருள். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடுகிறது. சோர்வு எங்கும் போவதில்லை, வாசலில் காத்து நிற்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

இதைப் பொதுத்தேர்வுக் கால அட்டவணையோடு பொருத்திப் பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ‘தூங்கிடாதடா’ என்று ஒரு டம்ளர் டிகிரி காபி. அதிகாலை இரண்டுக்கும் அதில் பாதி உள்ளே இருக்கிறது. நாலு மணிக்கு அலாரம், ஏனென்றால் விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும். வளரும் வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அந்த வயதில் உடல் தானாகவே தூக்கத்தைப் பின்னிரவுக்குத் தள்ளிவைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நாலு மணி அலாரத்தின் பயன் விளங்கிவிடும். அம்மா எழுந்து பால் காய்ச்சுகிறார், அப்பா எழுந்து சத்தம் போடுகிறார், மாடி வீட்டுக்காரர் எழுந்து மோட்டார் போடுகிறார். தேர்வு எழுத வேண்டியவன், விளக்குப் போட்டு, இயற்பியல் புத்தகத்தை மார்பில் விரித்து வைத்தபடி, ஆறரை வரை ஆழ்ந்து தூங்குகிறான்.