தங்க எழுத்தும் பிளாஸ்டிக் பேனரும்

2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்ததிலிருந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனில் காபிக்கும் ‘ஹெரிட்டேஜ்’, தங்கும் விடுதிக்கும் ‘ஹெரிட்டேஜ்’. மரப்பலகையில் சீன எழுத்தை உளியால் கொத்தி, வண்ணம் பூசி, தங்க ரேக்கு ஒட்டுகிற பெரியவருக்கு மட்டும் அந்தப் பட்டத்தால் வாடகை குறையவில்லை. வாடகைக் கட்டுப்பாடுதான் 1999-உடன் முடிந்துபோயிற்றே! ஆர்மேனியன் தெருவில் 2012-இல் சுவரில் வரைந்த சைக்கிள் சிறுவர்களோடு படமெடுக்க வெயிலிலும் வரிசை நிற்கிறது. சுவரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாடகைக் கவலை ஏது? அந்த வரிசையில் பத்துப் பேர் பெரியவர் கடைக்கும் வருவார்கள். உளியைப் படமெடுப்பார்கள், மரத்தூளைப் படமெடுப்பார்கள், “அழியக் கூடாத கலை அங்கிள்!” என்பார்கள். பலகை? ஒருவரும் வாங்குவதில்லை. அவர்கள் தங்கும் ஹெரிட்டேஜ் விடுதி வாசலில் தொங்குவது பிளாஸ்டிக் பேனர். அடுத்து அங்கே கடை திறக்கப்போகிறவரே, பெயர்ப்பலகையை மரத்தில் செய்யச் சொல்லுங்கள், முன்பணமும் கொடுங்கள்.