குஞ்சு ஜோசியர்

தெப்ராவ் பக்கம் தாமானுக்கு ஒருவர் இருப்பார். வயது அறுபதுக்கு மேல், கைலி, தோளில் துண்டு. வீட்டுப் பின்சந்தில் யாராவது அட்டைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே கீச்கீச் என்று சத்தம் கேட்டால் போதும். கூப்பிடாமலே வந்து நிற்பார்.

"அங்கிள், இதுல எத்தனை பெட்டை?"

உடனே வாய் திறக்கமாட்டார். ஒரு குஞ்சின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார். தலையை நிமிர்த்தித் துள்ளினால் சேவல், துணி மாதிரி தொங்கினால் பெட்டை. எது எப்படித் துள்ளினாலும் கடைசியில் "ஏழு பெட்டை, மூணு சேவல்" என்றுதான் கணக்கு வரும். முட்டைக்கு ஆசைப்பட்டு வாங்கியவருக்கு வேறென்ன வேண்டும்!

இனம் சொல்வதிலும் தயக்கம் கிடையாது. கழுத்தில் இறகில்லையா, கழுத்தறுத்தான். நெஞ்சைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர் போல் நடக்கிறதா, செராமா. 1970களில் கிளந்தானில் உருவாக்கிய, வளர்ந்தாலும் அரைக் கிலோவைத் தாண்டாத குள்ள இனம் அது. கால் சாம்பல் நிறமென்றால் குரலைத் தாழ்த்துவார்: "காட்டுக்கோழி ரத்தம்டா தம்பி." இதை மட்டும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. செம்பனைத் தோட்டங்களில் காட்டுச்சேவல் இன்னும் திரிகிறது, கம்பத்துக் கோழியோடு சேரவும் செய்கிறது.

குஞ்சின் ஆசனவாயை லேசாக விரித்து, உள்ளே கடுகைவிடச் சிறிய மேட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தையை 1920களில் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கை பழகியவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுவரை பிரித்துவிடுவார். அங்கிளிடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்: "சீ, அங்கயா பார்க்கிறது?"

இறக்கையை விரித்துப் பார்க்கும் முறையும் உண்டு. ஒரு நாள் குஞ்சுக்கு இரண்டு வரிசை இறகும் ஒரே நீளமென்றால் சேவல்; ஒன்று நீளம், ஒன்று குட்டையென்றால் பெட்டை. ஆனால் தாய் மெதுவாக இறகு முளைக்கும் சாதியாகவும் தகப்பன் சீக்கிரம் முளைக்கும் சாதியாகவும் இருந்தால்தான் இது பலிக்கும். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம். கம்பத்துக் குஞ்சுக்குத் தகப்பன் யாரென்று தாய்க்கோழியே சத்தியம் செய்யாது.

ஆக, ஆறேழு வாரம் பொறுத்தால் சேவலின் கொண்டை தானாகச் சிவக்கும். மூன்றாம் மாதம் இடுப்போரம் கூரான இறகு தொங்கும். அப்போது அங்கிள் சந்துப் பக்கம் வந்து, சிவந்த கொண்டையைக் காட்டி, "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்பார். தப்பிப்போனவற்றைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஒருமுறை, அவர் அடித்துச் சொன்ன பெட்டை ஒன்று காலை ஐந்து மணிக்குச் சந்தே அதிரக் கூவியது.

"சில பெட்டையும் கூவும் தம்பி."

உண்மைதான். சினைப்பை கெட்டுப்போன பெட்டை கூவுவதும், அதன் காலில் முள் முளைப்பதும் உண்டு. அந்த ஒரு வாதத்தில் அங்கிள் தீபாவளிவரை தாக்குப்பிடித்தார். தீபாவளியன்று அறுத்தபோது முதுகெலும்பை ஒட்டி வெள்ளை வெளேரென்று இரண்டு விதை. வீட்டுக்காரர் அதைத் தட்டில் வைத்துக் காட்டினார்.

அங்கிள் பார்த்தும் பார்க்காதவர் போல் இலை முன் உட்கார்ந்தார். ஒரு துண்டை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"கறி பாரு, பெட்டைக் கறி மாதிரியே மெத்துன்னு இருக்கு."